எம்பிக் கொடுத்த அளவு

அண்ணிக்கு அந்தப் பரணில் நிமிர்ந்து நிற்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கூரையின் இரண்டு சரிவுகளும் கூடுகிற நட்டநடு. அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் ‘நங்’ என்று உத்தரம் தலையில் இடிக்கும்.

சத்தம் கேட்டதும் கீழேயிருந்து அண்ணன், “இப்ப அந்த எடத்துல என்ன வருது?” என்று கேட்பான்.

“கட்டில் வருது!” என்பாள் அண்ணி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. இன்னொரு முறை இடித்தால் அங்கே இழுப்பறை.

“ஒட்டகச்சிவிங்கிக்குக் கோழிக்கூடு கேக்குதா?”

“கோழியக் கட்டிக்கிட்டா கூட்டுலதானே குடித்தனம் பண்ணணும்!”

வீடே சிரிக்கும். சுண்டுவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்த தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர் அது. ஆள் பெரிதாக வளராததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. மணவாழ்க்கை கசந்து, மகளையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்றே, அண்ணி தங்கள் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் கூடத்தில்தான் படுக்கை. அப்புறம் ஒருநாள், “மேல பரண் சும்மாத்தானே கெடக்கு, ஒரு படுக்கையறை போட்டுடலாம்” என்று அண்ணி கிளம்பியபோது, யாருக்கு என்று சுண்டு கேட்கவில்லை. கேட்பானேன்? தன்னால் இவ்வளவு உயரமான மனுஷி இனி தன் வீட்டிலேயே கூனிக் குறுகி நடக்கப் போகிறாள், அவ்வளவுதான்.

அதனால் தன் பெட்டிகளை அவள் முழுதாகப் பிரிக்கவேயில்லை. வேண்டியதை எடுப்பாள், துவைத்து மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பாள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை காலியாக இருந்தது. “வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லிடும்மா, வேற ஆளுங்களும் கேக்கறாங்க” என்று அந்த வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்தார். சுண்டு மனதுக்குள் சரி சொல்லியாகிவிட்டது. வாய்விட்டுச் சொல்வதுதான் பாக்கி.

அடுத்தவர் வீடுகளுக்கு அலமாரியும் சமையலறையும் வரைந்து கொடுப்பது அண்ணியின் தொழில். பரணின் தரையில் நீல டேப்பை ஒட்டி, இது கட்டில், இது நடக்கிற வழி, இது ஜன்னலோர மேசை என்று கோடு போட்டாள். கூரை சரிந்து தரையைத் தொடுகிற மூலைகளில் சக்கரம் வைத்த இழுப்பறைகளைத் தள்ளினாள். துணி மாட்டும் கம்பிக்கு மட்டும் உயரமான முன்சுவரில் இடம் ஒதுக்கினாள்.

“சுண்டு, இப்படி வந்து நில்லு. கையத் தூக்கு. எதுவரைக்கும் எட்டுது?”

“என்னை எதுக்கு அண்ணி?”

“என் கையில பென்சில் இருக்குல்ல? நீதான் இன்னைக்கு அளவுகோல்.”

சுண்டு கையைத் தூக்கினாள். இந்த உயரத்தில் கம்பி போட்டால் அண்ணியின் நீளமான உடைகள் எல்லாம் தரையைப் பெருக்குமே என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் குனியப் போகிறவள், இதற்காவது நிமிர்ந்து நிற்கட்டும். கீழே விழுந்த டேப்பை அண்ணி எடுக்கிற நேரம் பார்த்து, குதிகாலைத் தூக்கி எம்பி நின்றுகொண்டாள்.

“இங்க வரைக்கும், அண்ணி.”

“பரவால்லியே, கை நீளம்தான் உனக்கு!” என்று அண்ணி கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தச்சர் கடைசி வேலையாகக் கம்பியைப் பொருத்தினார். எப்படியும் இன்று சொல்லிவிடுவது என்று சுண்டு படியேறி வந்தாள். வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவள் கையில் சட்டை தொங்கிய ஒரு ஹேங்கரைக் கொடுத்தாள்.

“மாட்டு, பாப்போம்.”

“இது என் சட்டையாச்சே?”

“ஆமா, உன் சட்டைதான். மாட்டு.”

சுண்டு கையை நீட்டினாள். கொக்கி கம்பியை உரசியது, மாட்டிக்கொள்ளவில்லை. மறுபடி நீட்டினாள். ஊஹூம்.

“நீங்க போட்ட கோட்டு மேலதான் மேடம் நான் அடிச்சேன்” என்று தச்சர் முந்திக்கொண்டார்.

அண்ணி கோட்டைப் பார்த்தாள், சுண்டுவைப் பார்த்தாள், கடைசியில் அவள் பாதங்களைப் பார்த்தாள். “அன்னைக்கு எட்டுச்சே. அதுக்குள்ள தேஞ்சுட்டியா?”

“எம்பினேன் அண்ணி. உங்களுக்குன்னு நெனச்சு…”

“எனக்கா?” அண்ணி தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தாள். “இந்த நெத்தி வீங்கியிருக்கறதப் பாத்துமா எனக்குன்னு நெனச்ச?”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா ‘ஐயோ வேணாம் அண்ணி’ன்னு அன்னைக்கே பெட்டியத் தூக்கியிருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு?”

சுண்டு அந்த அறையை அப்போதுதான் கண் திறந்து பார்த்தாள். பெரிய கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் வருகிற குட்டிக் கட்டில். மகளின் கைக்கு எட்டுகிற மாதிரி தாழ்வான கைப்பிடிகள். தன் முழங்கை பதமாகப் படிகிற மேசை. நன்றி என்று சொன்னால் அண்ணி கிண்டல் செய்தே கொன்றுவிடுவாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, “எல்லாத்துக்கும் எடம் இருக்கு, என் பெட்டிங்களுக்கு எங்க அண்ணி?” என்றாள்.

“போடல.”

“மறந்துட்டீங்களா?”

“ஊசி நூலுக்குக்கூட எடம் போடறவ நான், மறப்பேனா? பெட்டி ரெண்டும் கீழ என் கட்டிலுக்கடியில இருக்கும். வெளியூர் போகணும்னா கேளு, தூசி தட்டித் தரேன். வேற எதுக்கும் தர மாட்டேன்.”

அலைபேசி அடித்தது. சுண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாள். “மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு அறை கெடைச்சிடுச்சு.”

அண்ணிக்குக் காது கூர்மை. ஆனால் யார், என்ன என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு எழுந்து வந்து சுண்டுவின் முன் மண்டியிட்டு, அவளுடைய இரண்டு குதிகால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்தாள்.

“இப்பத் தூக்கு கைய. ஏமாத்தாம.”

சுண்டு கையைத் தூக்கினாள். தச்சர் புதுக் கோடு போட்டார். அண்ணியின் வகிட்டை மேலேயிருந்து பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கண் கலங்கி, வகிடு இரண்டாகத் தெரிந்தது.

“பழைய ஓட்டைய அடைச்சிடவா மேடம்?” என்றார் தச்சர்.

“வேணாம், இருக்கட்டும். எங்க வாண்டு வளந்தா அவளோட கம்பி அங்க.”

“எங்க குடும்பத்து உயரத்துக்கு அவளுக்கு எங்க எட்டப் போகுது?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் சுண்டு.

“ஏன் எட்டாது? சோறு போடறது நானாச்சே!” என்று வீராப்பாக எழுந்தாள் அண்ணி. ‘நங்.’

“இப்ப அந்த எடத்துல என்ன வருது?” என்றான் அண்ணன் கீழேயிருந்து.

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சுண்டுதான் பதில் சொன்னாள்.

“என் மேசை வருதுண்ணா!”