ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் கனம்

சிக்னலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதைத் தாண்டியதும் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, முழங்கையில் வளையல் போலத் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வது கூண்டக்காவின் அன்றாட வழக்கம். சிக்னலில் நிற்கும் போலீஸ்காரருக்கு ஒரு புன்னகை வீசுவார். அடுத்த திருப்பத்தில் ஹெல்மெட் மறுபடியும் முழங்கைக்கு வந்துவிடும். கேட்டால் முடி கலைகிறது என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பிழைப்பே மற்றவர்கள் தலையைக் காப்பாற்றுவதுதான். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு கட்டுவார்கள். கார் தலைகுப்புற உருண்டாலும் கூரை நசுங்கி ஓட்டுபவர் மேல் விழாதபடி அந்தக் கூண்டு தாங்கிக்கொள்ளும். அதை வரைந்து, கணக்குப் போட்டு வடிவமைப்பவர் அவர். அவர் வரைந்ததைப் பற்ற வைத்துத் தருபவர் அவர் கணவர், வெல்டர். ‘கூண்டக்கா’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றே அழைத்தார்கள். அவரும் அதற்குச் சளைக்காமல் அவர்களை அண்ணே என்பார்.

அன்று பட்டறையில் பேக்கரிக்காரரின் சிவப்புக் கார் நின்றது. இருக்கைகளைக் கழற்றி, ஓட்டுபவர் இருக்கையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். இரும்பை வளைப்பதற்கு முன் பிளாஸ்டிக் குழாய்களை டேப்பால் ஒட்டி மாதிரி பார்ப்பது கூண்டக்காவின் முறை. அந்தக் குழாய்களுக்கு நடுவே பேக்கரிக்காரர் ஹெல்மெட்டும் தொந்தியுமாக உட்கார்ந்திருந்தார்.

“தலையை வலப்பக்கம் சாய்ங்கண்ணே.”

சாய்த்தார். ‘டொக்’ என்று குழாயில் இடித்தது.

“இதை இன்னும் வெளியே தள்ளணும். இப்ப கதவுப் பக்கம் நகருங்க.”

“எங்கக்கா நகர்றது? வயிறு விடமாட்டேங்குதே!”

வெல்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

பேக்கரிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவர் மனைவியின் தம்பியும் இதே டிராக்கில்தான் கார் ஓட்டுகிறான். எப்போதும் அவனே முந்துகிறான். குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தால் போதும், “மாமா, பின்னாடி வர்றவங்களுக்கு என் வண்டி நம்பர் தெளிவாத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டுச் சோற்றில் கை வைப்பான். அடுத்த முறை அவன் வாயை அடைத்தே தீருவது என்று மாமா சபதம் போட்டிருந்தார். அதற்குக் கார் லேசாக இருக்க வேண்டும்.

“அக்கா, ஒரு யோசனை. இருக்கைக்குப் பின்னாடி பெரிய வளைவுக் குழாய் வருதுல்ல, அதுல ஒரு சின்ன ஓட்டை போடுவீங்களாமே?”

“ஆமா. டிராக்ல பரிசோதகர் அந்த ஓட்டை வழியாத்தான் குழாய் எவ்வளவு தடிமன்னு அளந்து பார்ப்பாரு.”

“அவர் அங்க மட்டும்தானே பார்ப்பாரு? அப்ப அந்த இடத்துல மட்டும் ஒரு முழத்துக்குக் கனமான குழாய். மிச்சமெல்லாம் மெல்லிசு. மேல பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்? எப்படி என் மூளை?”

கூண்டக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“கேக்குக்கு மேல மட்டும் முந்திரி வைக்கிற மூளை! உருள்ற கார் ஓட்டை எங்க இருக்குன்னு பார்த்தா உருளும்? மெல்லிசுக் குழாய் மடங்கினா முதல்ல மடங்கறது உங்க கழுத்துதான். நான் செய்ய மாட்டேன்.”

“நீங்க இல்லன்னா வேற பட்டறை இல்லையா என்ன? நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கறேன்.” பேக்கரிக்காரர் மூக்கு விடைக்க எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை மறுபடி குழாயில் இடித்தது.

மறுநாள் காலை. பெட்ரோல் பங்கைத் தாண்டி கூண்டக்கா வழக்கம்போல ஸ்கூட்டரை ஓரம் கட்டி ஹெல்மெட்டை மாட்டினார். பக்கத்தில் ஒரு ரொட்டி வேன் உரசுவது போல வந்து நின்றது. உள்ளே பேக்கரிக்காரர். அவர் முகத்தில் தீபம் ஏற்றியது போல ஒரு பிரகாசம்.

“என்னக்கா, இங்கதான் ஓட்டை இருக்கோ?”

“என்னண்ணே?”

“போலீஸ் நிக்கிற இடத்துல மட்டும் உங்க தலை கனமா இருக்கு. மிச்ச ரோடெல்லாம் மெல்லிசு. என் குழாயை மட்டும் குத்தம் சொன்னீங்களே!” வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்! கூண்டக்கா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நழுவினார். பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நல்லா வேணும் உனக்கு!” என்றார்.

வண்டியை எடுத்துப் போக வந்த பேக்கரிக்காரர் முன் கூண்டக்கா ஒரு நாற்காலியைப் போட்டார்.

“அண்ணே, தப்பு என்னுதுதான். மனசார ஒத்துக்கறேன். ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா? இன்னிலேருந்து ஈ காக்கா இல்லாத ரோட்டுலயும் நான் ஹெல்மெட் போடறேன். ஆள் பார்க்காத இடத்துலயும் நீங்க கனமான குழாய் போடணும்.”

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். பந்தயம் என்றால் அவரால் விலக முடியாது. ஆனாலும் ஆசை விடவில்லை.

“எடை கூடுமே அக்கா.”

“காருக்குள்ள தேவையில்லாத எடை ஒண்ணு இருக்குண்ணே. அதுக்கு ஸ்டியரிங் இடிக்குது.”

பேக்கரிக்காரர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் அவர் தன் கடை பன்னைக் கண்ணால் மட்டும் பார்த்தார். வேனை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தே போனார். கதவுப் பக்கக் குழாய்க்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கை நுழையும் இடம் வந்த நாளில் பட்டறையே கைதட்டியது.

டிராக் நாள் வந்தது. பரிசோதகர் காதில் போனும் கையில் அளவுகோலுமாக வந்தார். “சிவப்பு எடுப்பா இருக்கே!” என்று காரைச் சுற்றி வந்தார். ஓட்டைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியில் அனுமதிச் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

“பார்த்தீங்களா! மெல்லிசே போட்டிருக்கலாம்!” பேக்கரிக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கூண்டக்கா அவருடைய பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.

கார்கள் சீறின. மைத்துனன் முன்னால், மாமா ஒட்டிக்கொண்டு பின்னால். இன்று விடுவதில்லை என்ற வேகத்தில் மாமா ஒரு வளைவில் தாமதமாகப் பிரேக் அடித்தார். கார் மணலில் வழுக்கியது, ஓரத்தில் தட்டியது, கூரை தரையில் மோத ஒரு முழுச் சுற்று உருண்டு மறுபடி சக்கரங்களிலேயே வந்து நின்றது.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கொடி ஆடியது. தான் வரைந்த ஒவ்வொரு வளைவும், கணவர் பற்ற வைத்த ஒவ்வொரு மூட்டும் கூண்டக்காவின் கண்ணுக்குள் ஓடின. எல்லோருக்கும் முன்னால் ஓடியது மைத்துனன்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, “மாமா! மாமா!” என்று கதறிக்கொண்டு மணலில் விழுந்து எழுந்து ஓடினான்.

புழுதி அடங்கியது. கூரைத் தகடு கூண்டின் மேல் அப்பளமாக ஒட்டிக்கிடந்தது. கூண்டு அசையவில்லை. உள்ளே ஹெல்மெட் மெல்லத் திரும்பியது.

“மச்சான், நீ வண்டியை நிறுத்திட்டியா? அப்ப நான்தான் ஜெயிச்சேன்!”

மைத்துனன் அழுதுகொண்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே மாமாவைக் கட்டிப்பிடித்தான். “ஜெயிச்சுக்கோ மாமா, ஆயுசுக்கும் நீயே ஜெயிச்சுக்கோ!”

பரிசோதகர் பேயறைந்த முகத்துடன் ஓடி வந்தார். இப்போதுதான் ஓட்டையைத் தேடினார். பேக்கரிக்காரர் அவர் தோளில் கை போட்டார்.

“விடுங்க சார். நீங்க பார்க்கல, தரை பார்த்துடுச்சு. அது ஒரு இடம் விடாம பார்க்கும்.” கூண்டின் குழாயை மாட்டைத் தடவுவது போலத் தடவினார். “பாதுகாப்புங்கறது சோதிக்க வர்றவருக்காக இல்ல சார். உள்ள உட்கார்ந்திருக்கறவனுக்காக. எனக்கு இது உருண்ட பிறகுதான் புரிஞ்சுது. உருளறதுக்கு முன்னாடியே இந்த அக்கா செஞ்சு வெச்சிருந்தாங்க.”

மாலையில் கூண்டக்கா வீடு திரும்பினார். ஸ்கூட்டரின் பின்னால் வெல்டர் உட்கார்ந்து, நாளின் கதையைப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். சிக்னல் கடந்தது. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. கூண்டக்கா தலையில் ஹெல்மெட் இருந்தபடியே இருந்தது. ஏதோ நினைத்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“ஏங்க, உங்க ஹெல்மெட் ஏன் முழங்கையில இருக்கு?”

“சிக்னல்தான் தாண்டியாச்சேம்மா!”

“தரையைத் தாண்டிட்டோமா?”

வெல்டர் ஒரு கணம் கீழே தார்ச்சாலையைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டார். வண்டி புறப்பட்டது. பாட்டு மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தொடர்ந்து கேட்டது.