ஒன்றாம் நம்பர் வீடு

தபால்காரர் தையல்காரம்மாவின் கதவைப் பார்த்தார். ஒன்று. பக்கத்து வீட்டைப் பார்த்தார். அறுபத்து நாலு. கையிலிருந்த கடிதங்களைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ரெண்டாம் நம்பர் எங்கம்மா?”

“அது கடைசி சந்துல. நாங்க வந்த மறுவாரமே அவங்களும் வந்துட்டாங்க.”

பெருமையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெற்றுத்தாள் அடைத்த பத்துக் கடிதங்களை யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டால், இந்தக் குடியிருப்புக்கும் இனித் தபால் உண்டு. தபால் அலுவலகம் வைத்த பரீட்சை அது. எல்லோரும் சேர்ந்து மூன்று மாதம் நடையாய் நடந்து வாங்கியது, ஒரே கேள்வியில் போயிற்று.

“அடுத்த மாசம் இன்னொரு தடவை வர்றேன். அதான் கடைசி,” என்று சைக்கிளைத் திருப்பினார்.

தப்பு எல்லோருடையதும்தான். வந்த வரிசைப்படி நம்பர் போடுவதே நியாயம் என்று குடியிருப்பே கூடித் தலையாட்டியிருந்தது. முள்காடாகக் கிடந்த இடத்தில் முதல் தகரத்தை நட்டவள் தையல்காரம்மா. அதனால் ஒன்று அவளுக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் போன வருடம் மகளுக்கு வந்த நர்ஸ் படிப்புக் கடிதம், முகவரி கிடைக்கவில்லை என்று திரும்பிப் போயிருந்தது. இந்த வருடமும் மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் கூட்டம். தெருமுனையிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தன் நம்பரை விடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. பெயிண்டர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தையல்காரம்மா எழுந்து போய், கரண்டிக் காம்பால் தன் கதவைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“முதல்ல வந்தவங்களுக்குத் தொண்ணூத்தி மூணாக்கா?” பெயிண்டருக்கே பொறுக்கவில்லை.

“முதல்ல வந்தது வந்ததுதான். கதவுல எழுதினாத்தானா? நீ நேரா போடு. கோணலாச்சுன்னா கூலி கிடையாது.”

“இப்ப மட்டும் கொட்டிக் குடுக்கறீங்களாக்கா!”

சிரிப்போடு சிரிப்பாகக் கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சுரண்டுகிற சத்தம்.

அடுத்த மாதம் தபால்காரர் வந்த அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணால் காட்டிவிட்டாலும் வினை என்று, குழாயடிப் பெண்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். சந்து இரண்டாகப் பிரியும் இடத்தில் தபால்காரர் நின்றார். செருப்புத் தைப்பவர் இருமினார். பெயிண்டர் முறைத்த முறையில் அடுத்த இருமலை விழுங்கிக்கொண்டார். தபால்காரர் சுவரில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார்.

தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று தையல்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். மகள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்திருந்தாள்.

“கையில ஒண்ணுதாம்மா மிச்சம்.”

காலடி நெருங்கியது. நின்றது. கதவுக்கடியில் ஒரு வெள்ளை உறை நுழைந்து, தரையில் கிடந்த நூல் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. வெளியே அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் தெரு ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தது.

உள்ளே வெற்றுத்தாள்தான் என்று தெரியும். ஆனாலும் முகவரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். தாளில் பட்டால் மழுங்கிவிடும் என்று மகளைக்கூடத் தொடவிடாத துணிக் கத்திரியை எடுத்து, உறையின் ஓரத்தை நேர்கோடாக, நிதானமாக வெட்டினாள்.