டேப்புக்கு அந்தப் பக்கம்

பதினாறாயிரத்து நானூறு ரூபாய். வேலம்பாளையம் ரோட்டில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் செட் வைத்திருக்கும் மகுடேஸ்வரனுக்கு, அங்கே வேலை செய்யும் நான்கு பேர் சேர்ந்து கட்டவேண்டிய கடன் அது. அதில் ஒற்றை ரூபாயைக்கூட அவர்களில் ஒருவரும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

வாராவாரம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்து, அது இன்று சாயங்காலத்தோடு தீர்கிறது. அந்த நினைப்போடுதான் நால்வரில் ஒருவனான சந்தனம் இருட்டு பிரியும் முன்பே வந்து மோட்டாரைப் போட்டான். போர்வெல் தண்ணீர் குழாய்க்குள் உறுமிக்கொண்டு ஏறியது. பிரஷர் கன்னின் உதைப்பு தோள்பட்டையில் இடித்தது. சக்கரக் குழிக்குள் குனிந்து அடித்தபோது சேறும் தார்த்துளியும் திரும்பி அவன் முகத்திலேயே தெறித்தன. வீரபாண்டியில் சாயப்பட்டறையில் கிடந்த காலத்தில் நகக்கண்ணில் சாயம் ஏறி நிற்கும். இங்கே சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நகமே வெளுத்துவிட்டது.

அவன் கழுவிக்கொண்டிருந்தது ஒரு கறுப்பு வண்டி. மகள் நித்யஸ்ரீயின் நிச்சயத்தில் மாப்பிள்ளைக்குச் சாவி கொடுப்பதற்காக மகுடேஸ்வரன் வாங்கி நிறுத்தியிருந்தார். நிச்சயம் நாளைக் காலை. புது வண்டிதான். ஆனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரி மயிரிழைக் கீறல். காரணம் யாருக்கும் தெரியாததல்ல. துடைக்கிற நல்ல துணிக்கு எதற்குக் காசு என்று, தன் பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட வேஸ்ட் துணியை மகுடேஸ்வரன் மூட்டை மூட்டையாக அனுப்பினார். கையில் எடுத்தால் பூப்போலத்தான் இருக்கும். தையல் ஓரத்தில் ஓவர்லாக் நூல் முறுக்கிக்கொண்டு நிற்கும். மண் ஏறிய அந்த நூல் இழுத்த இடமெல்லாம் கோடு.

ஊரான் வண்டியில் விழுந்த கோடுகளுக்குச் செட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடைசியாக வண்டியைத் தொட்டவன் கட்டவேண்டும். மகுடேஸ்வரன் கொண்டுவந்த சட்டம். லாபமாக இருக்கிறதே என்று அந்த ரோட்டிலுள்ள மற்ற செட்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவன் பாலிஷ் படக்கூடாத ஓரங்களில் டேப் ஒட்டி வேலை தொடங்கிய வண்டியை இன்னொருவன் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது. யார் வீட்டுச் சோற்றை யார் இழப்பது?

கடன் வந்த கதை இது. கையால் தேய்த்துக் கட்டுப்படியாகவில்லை, பாலிஷ் மிஷின் ஒன்று வாங்கலாம் என்று மகுடேஸ்வரன் சந்தனத்தைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு மிஷினை மேசைமேல் வைத்தார்.

"இது ரோட்டரிங்க. ஒரே அச்சுல சுத்தும். வேலை சீக்கிரம் முடியும். கை பழகாதவங்க பிடிச்சா பெயிண்ட்டைச் சுட்டுப்போடும். இது பாருங்க, சுத்திக்கிட்டே ஆடும். மெதுவாத்தான் நடக்கும். முதமுதலா வாங்கறவங்களுக்கு இதுதானுங்க தோது."

சந்தனம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தான். ரோட்டரி மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. மற்றது உள்ளங்கையில் விறுவிறுவென்று அதிர்ந்ததே தவிர இழுக்கவில்லை. கடைக்காரர் அதன் ஸ்பாஞ்சு ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, "இப்ப அழுத்துங்க" என்றார். கடைக் கதவின் பழைய தகட்டில் வைத்து அழுத்தினான். சுற்றிக்கொண்டிருந்த கோடு நின்றுவிட்டது.

"மொதலாளி, இது அழுத்துனா நின்னுக்கிருது. நம்மாளுக தப்பா அழுத்துனாலும் பெயிண்ட்டு தப்பிச்சுரும். இதையே வாங்குங்க."

மகுடேஸ்வரன் சிரித்தார். "அழுத்துனா நிக்கறதுக்கா நான் காசு குடுக்கறேன்? அழுத்த அழுத்த ஓடோணும்பா. அதுதான் மிஷினு."

பாதி விலைக்குக் கிடைத்த ரோட்டரியை வாங்கி வந்தார். ஒரு மாதம் முழுசாக ஓடவில்லை. நால்வரில் இன்னொருவனான இசக்கிமுத்து ஒரு வெள்ளைக் காரின் கதவில் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். வியர்வை துடைக்க மணிக்கட்டில் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தான். மகுடேஸ்வரன் பின்னால் நின்று, "ஏப்பா, மூணு வண்டி வெளிய நிக்குது. நீ குழந்தையைத் தடவிக் குடுக்கற மாதிரி தடவிக்கிட்டு இருக்கறே" என்றார். அவன் அழுத்தினான். துணியின் நுனியை மிஷின் கவ்வியது. சந்தனம் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் மூன்று விரல்கள் துணியோடு துணியாகச் சுருண்டிருந்தன. மகுடேஸ்வரன் முதலில் குனிந்து பார்த்தது பெயிண்ட் கருகிய கதவின் ஓரத்தை.

கதவுக்குப் பெயிண்ட் அடித்த செலவு இசக்கிமுத்துவின் பாக்கிச் சம்பளத்தில் கழிந்தது. கையில் துணி கட்டியது அவன் தப்பாம். பிறகு அந்த ஆடுகிற மிஷினையே வாங்கி வந்தார். "உங்க பாதுகாப்புக்கு வாங்கியிருக்கறேன். நீங்கதான் கட்டோணும்" என்று அதன் விலையை நான்கு பேர் தலையில் கட்டினார். இசக்கிமுத்துவின் பங்கையும், வண்டி உள்பக்கம் சுத்தம் செய்யும் அவன் மனைவி வேல்விழிதான் சேர்த்துக் கட்டினாள். நான்காமவன் ஆறுச்சாமி, மகுடேஸ்வரனுக்குத் தூரத்துச் சொந்தம். அவனுக்கும் தள்ளுபடி இல்லை.

அறுந்த நரம்பைச் சேர்க்க ஆபரேசன் செய்யவேண்டும், தள்ளிப்போனால் கை மடங்காமலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகுடேஸ்வரன் காதில் அது ஏறவேயில்லை.

போன வாரம் டீக்கடையில் இசக்கிமுத்து கேட்டான். "அண்ணாச்சி, பழைய மிஷினு மூலையிலதான கெடக்கு. அந்தக் கறுப்பு வண்டி பானட் ஓரத்துல வச்சு ஒரு அழுத்து அழுத்துங்க. மூணு எண்ணுததுக்குள்ள தகரம் தெரிஞ்சிரும்."

"எனக்கும் கை ஊறுதுடா" என்றான் சந்தனம். "ஒவ்வொரு நாளும் அதைக் கழுவும்போது ஊறுது. ஆனா சுட்டுவிட்டா இன்சூரன்ஸ்ல புதுசா அடிச்சுக்கிருவாரு. நம்மள ஸ்டேஷன்ல குத்தவச்சுருவாரு. அவருக்கு வலிக்காதுடா. எனக்கு அவருக்கு வலிக்கணும்."

"என்ன செய்யச் சொல்லுதிய?"

"கடன் தீரட்டும்."

கடன் தீரும் நாள் இதோ வந்துவிட்டது. கழுவி, காயவைத்து, களிமண் கட்டி போன்ற ஒன்றால் ஒட்டிய அழுக்கையெல்லாம் இழுத்தெடுத்த பிறகு, சந்தனம் நீல டேப்பை எடுத்தான். விளக்கோரம், ரப்பர் ஓரம் எல்லாம் ஒட்டினான். கடைசியாகப் பானட்டின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு.

"நடுவுல எதுக்குங்க?" என்றான் ஆறுச்சாமி.

"வித்தியாசம் தெரிய."

காப்பைக் கழற்றினான். வயர் பெயிண்ட்டில் உரசாதபடி தோளுக்குமேல் போட்டுக்கொண்டான். ஸ்பாஞ்சில் நான்கு பொட்டு பாலிஷ் மருந்து வைத்து, மிஷினை ஓட்டாமலே தடவிப் பரப்பி, மெதுவேகத்தில் தொடங்கி ஏற்றினான். முழம் அகலச் சதுரம். நெடுக நான்கு தடவை, குறுக்கே நான்கு தடவை. மிஷினின் கனமே போதும், கையின் கனம் கூடாது. மார்க்கர் கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்த்தினான். அதிர்வு எலும்பு வழியாகப் பல்வரைக்கும் ஏறியது. துடைத்தபோது சிலந்தி வலை இருந்த இடத்தில் செட்டின் தகரக் கூரை ஆணியோடு தெரிந்தது. அழகாக வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குள் கோபம்தான் ஊறியது.

ஓட்டுநர் பக்கக் கதவுகள், டிக்கிக் கதவில் பாதி, பானட்டில் பாதி. டேப்புக்கு இந்தப் பக்கம் முடிவதற்கும் சாயங்காலம் மகுடேஸ்வரன் சம்பளக் கவரோடு வருவதற்கும் சரியாக இருந்தது. சட்டையில் புது வாசனை. மண்டபத்துக்குப் போகிற வழி.

"இன்னும் பாதி கிடக்குதேப்பா!"

"மெதுவாத்தாங்க நடக்கும். அழுத்துனா நின்னுரும்ல."

முறைத்துவிட்டுக் கவரைக் கொடுத்தார். வேல்விழி வாங்கி எண்ணினாள்.

"மொதலாளி, இந்த வாரமும் பிடிச்சிருக்கியளே. மிஷினுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?"

"பாக்கி ஒண்ணுமில்லீம்மிணி. இத்தோட மிஷின் கணக்கு முடிஞ்சுது. சந்தோசம்தானே? சீக்கிரம் முடிங்க, காலைல ஏழு மணிக்கு வண்டி மண்டபத்துல நிக்கோணும்."

சந்தனம் பிளக்கைப் பிடுங்கினான். வயரைச் சுருட்டினான். மிஷினைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். வேல்விழி பின்னால் போனாள். எதிரே டீக்கடை பெஞ்சில் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தான். இருவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மகுடேஸ்வரனுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. ரோட்டைத் தாண்டி வேட்டியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்தார். "டேய், மிஷினை எங்கீடா தூக்கிட்டு வந்தே?"

"எங்க மிஷினுங்க. இப்பத்தான் கட்டி முடிச்சோம்."

"திருட்டுக் கேசு குடுத்துருவேன்!"

"குடுங்க" என்றாள் வேல்விழி. "உங்க மிஷினுன்னா எங்க கூலியில எதுக்குப் பிடிச்சியன்னு அங்க வந்து சொல்லுங்க. அந்தப் பழைய மிஷினும் வரட்டும். அவிய கையும் வரட்டும். மூணையும் சேத்து விசாரிக்கட்டும்."

"என்னடா வேணும் உங்களுக்கு?"

"ஆபரேசன் செலவு" என்றான் சந்தனம். "கதவுக்குன்னு புடிச்சுக்கிட்ட சம்பளம். கடைசியாத் தொட்டவன் கட்டணும்ங்கிற சட்டம் ரத்து. மூணும் ஆனா, விடியுறதுக்குள்ள மீதிப் பாதி முடிஞ்சுரும்."

மகுடேஸ்வரன் செட்டுக்குத் திரும்பி, தனியாக நின்ற ஆறுச்சாமியின் தோளில் கை போட்டார். இத்தனை வருடத்தில் இல்லாத கை.

"மாப்ள, நீ நம்ம பையன். பழைய மிஷினை எடு. அந்தப் பாதியை நீ முடிச்சுப்போடு. நாளைக்கு நிச்சயத்துல நம்ம சனத்தோட முன்வரிசையில உக்காரு."

ஆறுச்சாமி வண்டியைப் பார்த்தான். டேப்புக்கு இந்தப் பக்கம் சாயங்கால வானம் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் சிலந்தி வலை. தோளிலிருந்த கையை மெல்ல எடுத்து, அது எங்கே இருக்கவேண்டுமோ அங்கே விட்டான்.

"மாமா, டேப்பு ஒட்டுனவரு அங்க உக்காந்திருக்காருங்க. நான் தொட்டா நாந்தானுங்களே கட்டோணும்?"

அவனும் ரோட்டைத் தாண்டினான்.

மகுடேஸ்வரன் போன் மேல் போன் போட்டதில் பக்கத்துச் செட்டிலிருந்து ஒரு பீகார்க்காரர் மிஷினோடு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டேப்பை விரலால் காட்டினார்.

"யார் ஒட்டினது சார்?"

"யாரு ஒட்டுனா உனக்கென்ன? நீ அடி. ரெட்டைக் கூலி தர்றேன்."

"வேண்டாம் சார். டேப் அவங்க டேப். நான் தொட்டா, நாளைக்கு ஒரு கோடு இருந்தா, என் சம்பளம் கட். உங்க ரூல்தானே சார்?" அவர் எதிரே பெஞ்சைப் பார்த்தார். இசக்கிமுத்துவின் மடங்காத கை பெஞ்சின்மேல் கிடந்தது. தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய ஆட்கள் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துச் செட்டிலிருந்து மூன்று பேர், அதற்கடுத்த செட்டிலிருந்து இரண்டு பேர். என்ன ஏது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் போகவில்லை. பெஞ்சில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினார். எதிரே செட்டின் விளக்கு வெளிச்சத்தில், பாதி கண்ணாடியும் பாதி வலையுமாகக் கறுப்பு வண்டி நின்றது. மகுடேஸ்வரன் வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து வலைப்பக்கத்தை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். இன்னொரு கோடு விழுந்தது.

சந்தனம் அதைப் பார்த்தான். பல மாதத்துக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

மகுடேஸ்வரன் ரோட்டின் நடுவரை வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏப்பா ஆறுச்சாமி, கடன் கட்டி முடிச்ச அன்னிக்கே இப்பிடிப் பண்றீங்களேப்பா."

"ஆமாங்க மாமா" என்றான் ஆறுச்சாமி, டீயை ஊதிக்கொண்டே. "எங்க கடன் தீந்துபோச்சுங்க. இப்ப உங்க கடனைக் கேட்டு உக்காந்திருக்கறோம்."