தூசி மேட்ச் ஆகவில்லை

வண்டுக்கு ஆறு கால்கள். அதில் இரண்டுதான் அசையும். மிச்ச நாலும் ஒட்டுப்பலகையில் வெட்டி, சாக்குத்துணி சுற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்தவை. அதன் இடது பக்கத்தை மட்டும்தான் படம் பிடிக்கலாம். வலது பக்கம் திரும்பினால் உள்ளே உட்கார்ந்து கயிறு இழுக்கிற ஆள் சிகரெட் பிடிப்பது தெரிந்துவிடும். அணுகுண்டுச் சோதனையால் வீடு அளவுக்கு வளர்ந்துவிட்ட வண்டு லாஸ் ஏஞ்சலஸை விழுங்க வருகிறது என்பது கதை. விழுங்கட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்? பத்து நாளில் படத்தை முடிக்க வேண்டும், டைரக்டர் பர்டிக்குக்கு அது ஒன்றுதான் கவலை.

ஐடெல்லாவின் கவலை வேறு. அவள் அந்தப் படத்துக்குக் கன்டின்யூட்டி பார்க்கிறவள். போன ஷாட்டில் ஹீரோ தொப்பியை எந்தக் கையில் வைத்திருந்தார், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, சிகரெட் எவ்வளவு நீளம் எரிந்திருந்தது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். அடுத்த ஷாட்டில் ஒன்று பிசகினாலும் விடமாட்டாள். பதினோரு வருஷமாக இதே வேலை. அவள் "மேட்ச் ஆகலை" என்று சொல்லிவிட்டால் பர்டிக்கே வாயை மூடிக்கொள்வார்.

வயிற்றில் அவளுக்கு நாலாம் மாசம். ஏப்ரன் மறைத்ததால் யாருக்கும் தெரியாது. இதற்கு முன்னால் இரண்டு தங்கி, இரண்டுமே மூன்றாம் மாசத்தில் கலைந்து போயின. முதல் தடவை நாள் கணக்கில் அழுதாள். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை. இந்தத் தடவை சந்தோஷமும் வரவில்லை, மரத்துப்போய்விட்டது. புருஷன் வெர்னன் தொட்டில் தொட்டில் என்று நச்சரித்தபோது, "நாலு மாசம் முழுசா முடியட்டும். அதுவரைக்கும் வீட்டுல அந்தப் பேச்சே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. படப்பிடிப்பில் அது ஆறாம் நாள்.

அன்று விடிவதற்குள் எல்லோரும் மோட்டல் வாசலில் நாற்காலி போட்டு, காபியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். அரசாங்கம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிற நாளை ரேடியோவிலேயே சொல்லிவிடுவார்கள். நெவாடாவில் அது ஒரு வேடிக்கை, வாணவேடிக்கை பார்க்கிற மாதிரிதான் ஜனங்கள் பார்ப்பார்கள். வானம் வெள்ளையாகி, மஞ்சளாகி, தூரத்து மலைக்குப் பின்னால் புகை எழுந்தது.

"ஐயோ, கேமரா வேனுக்குள்ள கிடக்கே! ஓசியில வந்த ஷாட் போச்சே!" என்று பர்டிக் தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு, வறண்ட ஏரியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வானத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மாவு சலித்தாற்போல் இறங்க ஆரம்பித்தது. கார் பானட்டில், ஹீரோவின் தொப்பியில், ஹீரோயினின் தோளில் எல்லாம் படிந்தது. பர்டிக்குக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களாடா, மேலே இருக்கிறவரே நமக்கு ஆர்ட் டைரக்டரா வேலை பார்க்கிறார்! ஓடவிடு, கேமராவை ஓடவிடு!"

அந்தக் காட்சியில் ஹீரோ கையில் ஒரு கெய்கர் பெட்டி இருக்கும். கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக் என்று அடிக்கிற பெட்டி. அட்டையில் செய்ய நேரமில்லை என்று கடையில் நிஜப் பெட்டியே வாங்கிவிட்டார்கள். யுரேனியம் தேடி ஊர் ஊராக ஜனங்கள் மலையேறிக்கொண்டிருந்த காலம், ஆணி விற்கிற கடையில்கூட அது கிடைத்தது. ஹீரோ பெட்டியைத் தரைக்கு நேராக நீட்டி, ஹீரோயினைப் பார்த்து வசனம் சொன்னார். "பயப்படாதீங்க மிஸ். இங்க கதிர்வீச்சு மருந்துக்குக்கூட இல்ல."

டிக்டிக்டிக்டிக் என்றது பெட்டி.

சவுண்ட் பார்க்கிற கிழவர் ஓரின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார். "சார், இல்லைங்கிறாரு ஹீரோ. இருக்குங்குது பெட்டி. நான் யாரை நம்ப?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சம்பளம் வாங்குறது ஹீரோ. அவரையே நம்பும்" என்றார் பர்டிக். "வண்டு வர்ற சீன்லதான் அது கத்தணும். இங்கேயே கத்தினா கதை குழம்பிடும். அந்தச் சனியன் வாயை மூடுங்கப்பா!"

ஓரின் பின்மூடியைத் திறந்து பேட்டரிகளை உருவி ஐடெல்லாவிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சிருமா. டிக் டிக்கை நான் ஸ்டூடியோவுல சீப்புப் பல்லைத் தட்டிப் போட்டுக்கிறேன்."

பதினாலு பேர் நின்றார்கள் அங்கே. காலையில் குண்டு வெடித்ததைப் பார்த்தவர்கள். குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று படமே எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள். ஒருத்தர் மண்டையிலாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அவர்களுக்கு அது டேக்கைக் கெடுக்கிற சத்தம், அவ்வளவுதான். ஐடெல்லா பேட்டரிகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதினாள்: "பெட்டி வலது கையில். சத்தம் இல்லை."

பதினோரு மணிக்கு அரசாங்க ஜீப் ஒன்று வந்தது. இறங்கிய ஆள் நல்ல மரியாதைக்காரன். "காத்து கொஞ்சம் திசை மாறிடுச்சு. ஆபத்து ஒண்ணும் இல்ல சார். எதுக்கும் ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எல்லோரும் வேனுக்குள் உட்கார்ந்து சான்ட்விச் தின்றார்கள். அரை மணியிலேயே பர்டிக் வெளிச்சம் வீணாகிறது என்று கத்தி எல்லோரையும் கிளப்பினார்.

வெளியே வந்தால் நல்ல காற்று. கார் பளபளவென்று இருந்தது. வேனில் ஏறும்போதே உதறிவிட்டதால் தொப்பியில், தோளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. விளக்குகளைச் சரிசெய்து, நடிகர்களை நிறுத்தி, "ஸ்டார்ட்" சொல்லப் போனார் பர்டிக். யாரும் எதையும் கவனிக்கவில்லை. அவள் மட்டும் சும்மா இருந்திருந்தால் அந்த ஷாட் அப்படியே போயிருக்கும். வண்டின் நாலு கால் அசையாத படத்தில் தோளில் தூசி இல்லை என்று எவன் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கப்போகிறான்?

"மேட்ச் ஆகலை" என்றாள் ஐடெல்லா.

"என்னது?"

"காலையில தூசி இருந்துச்சு. தொப்பியில ஒரு விரல் கனம், இடது தோள்ல அதிகம், பானட் முழுக்க. இப்ப இல்ல. ரெண்டு ஷாட்டையும் ஒட்டினா படம் குதிக்கும்."

பர்டிக் அவளையே பார்த்தார். "மேக்கப் பவுடர் போட்டா?"

"நிறம் வேற சார். அதேதான் வேணும்."

அதே தூசி பாறைகளுக்குப் பின்னால், காற்று படாத இடத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அவளே காபி டின் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், குந்தி உட்கார்ந்து, கையால் வழித்து வழித்து நிரப்பினாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, டின்னை மடியில் இடுக்கிக்கொண்டு, கல்லையும் குப்பையையும் விரலால் பொறுக்கினாள். அப்புறம் நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தூவினாள். தொப்பியில் ஒரு விரல் கனம். இடது தோளில் அதிகம். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தடவை, சாயங்காலம் வரை. நடுவில் டின் மடியிலேயே இருந்தது.

"ஐடெல்லா, நீ இல்லைன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்" என்றார் பர்டிக். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு, ஏதோ ஒன்று சரியாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

வெயில் இறங்கியதும் சாமான்களைக் கட்டினார்கள். ஓரின் பேட்டரி கேட்டார். அவள் தானே பெட்டியில் போட்டு மூடினாள். மூடிய நொடியே அது அடிக்கத் தொடங்கியது. ஓரின் வேடிக்கைக்கு அதை ஹீரோவின் தொப்பியருகே நீட்டினார். வேகம் கூடியது. காபி டின்னருகே போனபோது தனித்தனிச் சத்தமே இல்லை, எண்ணெயில் பலகாரம் பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். கடைசியில் சிரித்துக்கொண்டே அவள் மடிப்பக்கம் கொண்டுவந்தார். அங்கேயும் அதே இரைச்சல்.

"அடேயப்பா! யுரேனியத்தையே மடியில கட்டிக்கிட்டியேம்மா! நாளைக்கு நீ பணக்காரிதான், எங்களையெல்லாம் மறந்துடாதே!"

"எனக்கு நாலு மாசம் ஓரின்" என்றாள் அவள்.

கிழவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. "அந்த ஜீப்காரன்தான் ஒண்ணும் இல்லைன்னானேம்மா" என்றார். பிறகு, நல்ல மனுஷர், வேறென்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியை நிமிர்த்திப் பேட்டரியைக் கழற்றப் போனார். சத்தத்தை நிறுத்துவதுதானே அவர் தொழில்.

"வேண்டாம். எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

மோட்டலில் மூன்று தடவை குளித்தாள். ஏப்ரனையும் சட்டையையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். நகத்தைச் சதை தெரிய வெட்டினாள். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயமும் வரவில்லை. பெட்டியைச் சுவரில் வைத்தாள், டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக். எங்கே வைத்தாலும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். வயிற்றில் வைத்தாள். டிக் டிக் டிக். அந்தக் கொஞ்சம் வேறு, இந்தக் கொஞ்சம் வேறு.

ராத்திரி எட்டு மணிக்கு அறையில் போன் அடித்தது. வெர்னன்.

"ஐடா, திட்டக் கூடாது. முதல்ல சத்தியம் பண்ணு."

"என்ன?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாலு மாசம் முடிஞ்சிடுச்சு. நான் தொட்டில் வாங்கிட்டேன்." அவன் குரல் அப்படித் துள்ளியது. "வெள்ளை பெயின்ட், பக்கத்துல முயல் படம் போட்டது. கூட்டத்துக்குள்ள தூக்கிக்கிட்டு பஸ்ல வந்தேன் தெரியுமா, எல்லாரும் எழுந்து இடம் குடுத்தாங்க. கோவமா?"

"இல்ல."

"இனிமே சந்தோஷப்படலாம்தானே? நீதானே சொன்னே?"

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி மடியில் இருந்தது. பதினாறு வாரமாக வராத ஆசை, வேண்டும் வேண்டும் என்கிற ஆசை, அந்த நேரம் பார்த்துத்தான் வந்து தொலைத்தது.

"ஐடா? லைன்ல என்ன, டிக்டிக்னு ஏதோ சத்தம் வருது?"

"படத்துல வர்ற கெய்கர் பெட்டி" என்றாள்.

வெர்னன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு சிரித்தான். "சும்மா சொல்லக் கூடாது, அசல் மாதிரியே பண்ணியிருக்காங்க!"