ஆர்மாஸின் குடலும் காட்டு ப்ளூபெர்ரியும்

டாக்டர் ஐலா குடல் சோதனைக்கான கேமராக் குழாயை வெளியே இழுத்துவிட்டார். திரையில் தெரிந்ததெல்லாம் கருநீல இருட்டும் அதில் மிதந்த பொடி விதைகளும்தான்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"காட்டு ப்ளூபெர்ரி," என்றார் ஒருக்களித்துப் படுத்திருந்த ஆர்மாஸ். "கொஞ்சம்தான். ஒரு சட்டி."

"பேதி மருந்து குடிச்சதுக்கு அப்புறமா?"

"குடல் காலியா, பாதுகாப்பில்லாம இருக்கேன்னு..."

"விதை இருக்கிற பழம் கூடாதுன்னு சொன்னோமே!"

"அது கடைப் பழத்துக்குன்னு நினைச்சேன் டாக்டர். இது நானே காட்டுல பறிச்சது."

சோதனை தள்ளிப்போனது. காரில் மனைவி ஹில்க்கா வாய் திறக்கவில்லை. ஃபின்லாந்தின் குவோப்பியோ ஊரில் மனைவி பேசாமல் வருவது சகஜம்தான். ஆனால் இந்த மௌனத்துக்குக் கொம்பு முளைத்திருந்தது.

போன வருஷம் ஆர்மாஸின் அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இவருக்கு ஒரே கேள்வி: அடுத்தது நானா? பழத்தின் நீலச் சாயம் குடலைக் காக்கும் என்றது பத்திரிகை. மறுவாரம் அதே பத்திரிகை, எலிகளை மட்டும்தான் என்றது. சவ்னா நீராவிக் குளியலில் வியர்வை சொட்டச் சொட்ட பக்கத்து வீட்டு உர்ஹோ ப்ரோக்கோலிதான் காக்கும் என்று சத்தியம் செய்தார். மைத்துனி மஞ்சள்தூள் மாத்திரை கொடுத்தாள். ஆர்மாஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. எது யாரைக் காக்கிறதென்று தெரியாமல் வயிறுதான் சந்தைக்கடையாக இரைந்தது.

"உங்கண்ணனும் பழம் தின்னவர்தானே?" என்றாள் ஹில்க்கா திடீரென்று.

"வாளி வாளியா."

"அப்புறம் என்னய்யா நம்பிக்கை உனக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

அடுத்த முறை வெறும் வெள்ளை ரொட்டி, தெளிந்த சூப். பழம் வைத்திருந்த உறைபெட்டியின் சாவி ஹில்க்காவின் கைப்பையில். திரையில் குடல் பளிச்சென்று இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஒரு வளைவில் பட்டாணி அளவு சதை முளை. ஐலா கம்பிச் சுருக்கு போட்டு அதை அறுத்தெடுத்தார்.

ஆர்மாஸ் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். "நேரா சொல்லுங்க டாக்டர். பழம் காப்பாத்துமா, காப்பாத்தாதா?"

"தெரியாது," என்றார் ஐலா. "ஆய்வுக்கூடத்துல ஏதோ செய்யுது, எலிக்கு ஏதோ செய்யுது. உங்களுக்குச் செய்யுமான்னு உறுதியா சொல்ல யாராலும் முடியாது. இந்த முளையை விட்டிருந்தா ஒருநாள் புற்றா மாறியிருக்கலாம். இப்ப இது உங்க உடம்புல இல்ல. அது எனக்குத் தெரியும். பழத்தை ருசிக்குத் தின்னுங்க. அடுத்த சோதனைக்கு மட்டும் தின்னாம வாங்க."