இரண்டாவது கியரின் ஊளை

1

இந்தக் கதை ஒரு தகர டின்னிலிருந்து வந்தது. கவரைப்பேட்டை ரயிலடிக்குப் பின்னால் மோசஸின் மெக்கானிக் ஷெட்டில், பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் பழைய கியர் ஆயில் அசையாமல் கிடந்தது. கறுத்த பரப்பில் இரும்புப் பொடி மின்னியது. பட்டப்பகலில் நட்சத்திரங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“இதக் கொட்டலையா?” என்றேன்.

“மனசு வரல தம்பி. நீதான் கதை எழுதுறவனாச்சே, இத எழுதேன். ஆனா ஒண்ணு, கடைசில அந்த ஆளு வாயத் தொறந்து பேசிட்டதா எழுதணும்.”

எந்த ஆள் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும். நான்கு மாதமாகக் கதை முடியாமல் கிடப்பது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: ‘பனி ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. வண்டியோட்டி தன் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டு’

(அடித்துவிட்டேன். கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகவே எடுத்துப் படித்தால் இப்படித்தான். கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது, தண்டவாளத்தின் மேல் வெண்பனி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வியர்த்துக்கொண்டேதான் பார்த்தேன்.)

இரண்டாவது தொடக்கம்: ‘1974 ஆடியில் ஒரு சனிக்கிழமை, பரசுராமனுடைய வாடகைக் காரின் மைல் மீட்டர் ஐந்து ஒன்பதுகளைக் காட்டிவிட்டு ஐந்து சைபர்களாக மாறியது.’

இது நிற்கும். ஒரு லட்சம் மைல் ஓடிய வண்டி, அன்று பிறந்ததைப் போல் கண்ணை விழித்துப் பார்த்தது.

கார் அவன் மனைவி குணசுந்தரியின் அண்ணன் ஆதிநாராயணன் கொடுத்த சீர். நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தபோதே அது பழைய கார்தான். ஆனால் அதன் கியரில் சத்தமே கிடையாது. “எம்மச்சான் குடுத்த வண்டி. பூனை மாதிரி போவும்” என்று ரயிலடியில் பரசுராமன் பீற்றிக்கொள்வான். மாமியார் வீட்டின் மேல் அவன் வைத்திருந்த மரியாதை முழுக்க அந்த அமைதியில் இருந்தது. கல்யாணத்தில் நடந்த ஒரு சண்டையை அதனால்தான் மறந்தான். அதனால்தான் பொங்கலுக்குப் பொங்கல் மனைவியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினான்.

கியர் ஆயிலை ஒருமுறைகூட மாற்றவில்லை. “கெழட்டு வண்டிக்கு எண்ணெய் மாத்துனா அழும்” என்பது அவன் வேதம்.*

(* இதை நம்புகிறவர்கள் நிறைய. பழைய எண்ணெய்தான் தேய்ந்த பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். மோசஸைக் கேட்டால், “அழுக்குதான் ஒடம்பப் புடிச்சிக்கினு இருக்குதுன்னு குளிக்காம இருப்பியா?” என்பான்.)

மறுநாள் ஞாயிறன்று ஆதிநாராயணனும் அவன் மனைவியும் வருகிறார்கள். இந்தக் காரில்தான் பெரியபாளையத்துக்கு, பவானி அம்மனுக்கு வேண்டுதல். வழியில் கியர் இறுகி நின்றுவிட்டால் மச்சான் முன்னால் மானம் போய்விடும் என்று மோசஸ் மிரட்டிய பிறகுதான் பரசுராமன் இறங்கிவந்தான். டியூப் வாங்கக் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறும்போது மனைவியை ஷெட்டில் காவலுக்கு உட்காரவைத்தான். “பொருளு ஒண்ணும் மாறாம பாத்துக்கோ.”

3

குணசுந்தரியை நான் முதலில் அழவைத்தேன். நாவல்களில் பெண்கள் கைக்குட்டையால்

(மோசஸ் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். “அந்த யக்கா அழல. ஒழுங்கா எழுது.”)

ஒழுங்காக: மோசஸ் காரடியில் மல்லாந்து போல்டைக் கழற்றினான். எண்ணெய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூழ் போல ஒன்று சொத்தென்று டின்னில் விழுந்தது.

“இன்னா மோசசு, களி கிண்டி வச்சிருக்கியா?”

“நீ வேற. யக்கா, இங்க வா. இது இன்னான்னு பாரு.”

அவள் இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தாள். திருவள்ளூரில் மரவாடிக்காரர் வீட்டில் பிறந்தவள். ரம்பத்துக்குக் கீழே விளையாடியவள்.

“மரத்தூளு” என்றாள். “ரம்பத்தூளு.”

மோசஸ் வெளியே ஊர்ந்து வந்தான். விஷயம் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பல் தேய்ந்து ஊளையிடும் கியர் பெட்டியில் மரத்தூளைத் திணித்தால் சத்தம் அடங்கும். உள்ளே மட்டும் தேய்ந்துகொண்டே போகும். பழைய வண்டியைத் தலையில் கட்டுகிறவர்கள் செய்வது.

“உங்கண்ணன் பலே ஆளு.”

“அவன் கிட்ட அப்ப வேற இன்னா இருந்திச்சி?” என்றாள் குணசுந்தரி. “வாடி முழுக வேற ஆளு கைக்குப் பூடிச்சி. தூளுதான் இருந்திச்சி.”

(இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எந்த நாவலிலிருந்தும் எடுக்கவும் இல்லை. மோசஸ் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்.)

4

“இதையே திரும்ப உள்ள ஊத்திட்டா?” என்று கேட்டாள்.

“சத்தம் வராது. ஒரு நாளு நடுரோட்டுல இறுக்கிக்கும். புது எண்ணெய் ஊத்துனா நாயா ஊளை வுடும், ஆனா இன்னும் பத்து வருசம் ஓடும்.”

“அவரு கேட்டா?”

“கேட்டா உண்மையச் சொல்லு.”

“சொன்னா, எங்கண்ணன் ஊட்டு வாசலை நான் அப்பால மிதிக்கவே முடியாது.”

அவள் விரலில் ஒட்டிய தூளை டின் விளிம்பில் வழித்தாள். பிறகு சொன்னாள்:

“அவருதான் சொல்லிக்கினே இருக்காரே, எண்ணெய் மாத்துனா அழும்னு. அழட்டும். அதான்னு நெனச்சிக்கட்டும்.”

“அப்ப எம் பேரு கெட்டுப்பூடுமே?”

அவள் புது எண்ணெய் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். மோசஸ் ஒரு பீடியைப் பற்றவைத்து, அதைக் குடிக்காமலே அணைத்தான்.

“உன்னோட ஒரே பேஜாரு யக்கா” என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் விட்டுப் பெட்டியை அலசினான். புது எண்ணெய் ஊற்றினான். தேன் நிறம். வாசனைகூட நன்றாக இருந்ததாம்.

5

(இந்தப் பகுதியைக் குணசுந்தரி மோசஸிடம் சொன்னாள், மோசஸ் என்னிடம். இரண்டு கை மாறியதால் கொஞ்சம் கனவு கலந்திருக்கலாம்.)

ஞாயிறு காலை. முன் சீட்டில் பரசுராமனும் மச்சானும். பின்னால் பெண்கள் இருவர், மடி நிறைய வேப்பிலை. ரயில்வே கேட் தாண்டி இரண்டாவது கியர் போட்டதும் கார் ஊளையிட்டது. நீளமாக, தொலைவில் ஒரு ஓநாய் போல

(ஓநாய் வேண்டாம். கவரைப்பேட்டையில் ஏது ஓநாய்?)

ரம்பம் மரத்தில் இறங்குவது போல.

“பாத்தியா மச்சான்!” பரசுராமன் ஸ்டியரிங்கைக் குத்தினான். “நீ குடுத்த தங்கமான வண்டி. அந்த மோசசு எண்ணெய மாத்துறேன்னு கெடுத்துட்டான். எந்த டிரைவரும் அவன் ஷெட்டுப் பக்கம் போவாத மாதிரி பண்றனா இல்லியா பாரு!”

ஆதிநாராயணன் தலையை நிமிர்த்தினான். மேலே இருந்த சிறிய கண்ணாடியில் அவன் கண்கள் பின் சீட்டைத் தேடின. தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. காத்திருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மாப்ளே…” என்றான்.

“அதுக்கு மேல யக்கா சொல்லல” என்றான் மோசஸ்.

6

மோசஸுக்காக ஒரு முடிவு எழுதினேன். ஆதிநாராயணன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். பரசுராமன் காரைத் திருப்பிக்கொண்டு, மோசஸிடம் மன்னிப்புக் கேட்க நேராக ஷெட்டுக்கு வருகிறான். எழுதி முடித்ததும், அந்தப் பொங்கலுக்குக் குணசுந்தரி எங்கே போவாள் என்ற நினைப்பு வந்தது. கிழித்தேன்.

குணசுந்தரிக்காக ஒன்று எழுதினேன். “மாப்ளே… அந்த ஜன்னலை ஏத்து, தூசி வருது.” அவ்வளவுதான். அதை மோசஸிடம் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. நான் போகும்போதெல்லாம் ஷெட்டில் ஒரே ஒரு வண்டிதான் நிற்கிறது, அதுவும் மோசஸின் சைக்கிள்.

இப்போதுகூட அந்தக் கார் போகிறது. ரயில்வே கேட்டில் ஊளையைக் கேட்டால் மோசஸ் வேலையை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்ப்பான். கார் நிற்காமல் போய்விடும். “பல்லு நல்லாத்தான் இருக்கு” என்பான், யாரிடமென்று இல்லாமல்.

என்னால் இதை முடிக்க முடியவில்லை. கேட்டிலிருந்து ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அங்கே கார் பெரியபாளையத்துக்குத் திரும்பும். கோயில் கூட்டம் வந்துவிட்டால் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. கண்ணாடியில் தங்கையின் கண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. முன் சீட்டில், ஆதிநாராயணனின் இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

“மாப்ளே…”