கோப்பு எண் நாற்பத்தொன்று

எங்கள் ஊர் வழக்கப்படி ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஷெங்கல்சாய் மின் நிறுவனம் நிலக்கரியை விட்டுவிட்டுக் காற்றாலைக்கு மாறுவதென்று முடிவான வருஷம், மனிதவளப் பிரிவின் ரௌஷானுக்கு ஓர் ஆணை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஊழியர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எட்டுக் கேள்வி கேட்க வேண்டும். புது வேலைக்கு ஆகாதவர் பெயரை அடித்துவிட வேண்டும்.

நாற்பது பேரைப் பார்த்து முடித்தாள். நாற்பத்தொன்றாவது கோப்பை எடுத்த ரௌஷானுக்குக் கண் அதிலேயே நின்றது. பெயர் ஷோலாக். இருபத்தாறு வருஷ வேலையில் ஒருநாள்கூட விடுப்பில்லை. பதவி உயர்வு கேட்டதில்லை. பாராட்டுப் பத்திரம் மூன்று. ஆய்வாளர் முகத்தில் துப்பியதற்காகக் கண்டனம் ஒன்று. இப்பேர்ப்பட்ட மனிதர் எப்படியிருப்பார் என்ற ஆவலில் தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

சாம்பல் கிடங்கில் கிழவர் தொக்தார் இருந்தார்.

"ஷோலாக் எங்க, அகா?"

"பின்னால நின்னு தின்னுட்டிருக்கான், தங்கச்சி. கைப்பையைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

பின்னால் ஓர் ஒட்டகம் நின்றது.

அந்தக் காலத்தில் ஊழியர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். அதனால் சாம்பல் வண்டி இழுக்கிறவனையும் பட்டியலில் ஏற்றிவிட்டார்களாம். அப்புறம் இறக்க யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தொக்தார் குரலைத் தாழ்த்தினார்.

"நீ பேரை அடிச்சா தீவனம் நிக்கும். தீவனம் நின்னா கசாப்புக்காரன் வந்துருவான். ஏற்கெனவே ரெண்டு தரம் வந்து முதுகைத் தட்டிப் பாத்துட்டுப் போனான்."

ரௌஷான் யோசித்தாள். ஆணையில் 'ஊழியர்' என்றுதான் இருந்தது. எத்தனை கால் என்று இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தாள். ஏழு கேள்விக்கும் ஷோலாக் அசைபோட்டான். 'அவசரப்பட்டுப் பேசுகிறவர் அல்ல' என்று எழுதிக்கொண்டாள். எட்டாவது கேள்வி, இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்பது.

ஷோலாக் நடக்க ஆரம்பித்தான்.

கோப்போடு ரௌஷானும், கெட்டிலோடு தொக்தாரும் பின்னால் போனார்கள். மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு மொட்டை மேட்டில் ஏறி, காற்றுக்கு நேரே முகம் வைத்து உட்கார்ந்தான்.

"கோடையில இங்கதான் வருவான். இந்தக் காத்துல ஈ நிக்காது," என்றார் தொக்தார்.

ஈ என்ன, தேநீரே நிற்கவில்லை. அவர் கெட்டிலைச் சாய்த்ததும் தேநீர் படுத்தவாக்கில் பறந்துபோய் அடுத்த பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டிடையன் நீட்டிய கிண்ணத்தில் விழுந்தது. பால் போதவில்லை என்று அவன் மறுநாள் புகார் சொல்லி அனுப்பினான்.

அந்தச் சமயம் பொறியாளர்கள் ஆற்றோரம் கம்பம் நட்டுப் பதினாலு மாதமாய்க் காற்றை அளந்துகொண்டிருந்தார்கள். அளவுக் கருவியில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ரௌஷான் பிடிவாதமாய் நின்று கம்பத்தை மேட்டுக்கு மாற்றவைத்தாள். மாற்றிய அன்றே கருவி கழன்று பறந்தது, இன்றுவரை தேடுகிறார்கள்.

இயக்குநர் பைஸாக் மகிழ்ந்துபோய், இடத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். ரௌஷான் கோப்பை நீட்டினாள். அவர் ஒவ்வொரு பக்கமாய்ப் படித்தார்.

"படிப்புன்னு ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லீங்க. ஆனா களத்துல இருபத்தாறு வருஷ அனுபவம்."

"கூட்டத்துக்கு மட்டும் கூட்டிட்டு வந்துராதே. துப்புவார்னு போட்டிருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படியாக ஷோலாக் முதுநிலை இட ஆலோசகர் ஆனான். தீவனத்தோடு ஓட்ஸும் சேர்ந்தது. கசாப்புக்காரன் மூன்றாம் தரம் வந்தபோது, முன் அனுமதி பெற்று வரச்சொல்லி ரௌஷான் திருப்பி அனுப்பினாள்.

ரொட்டி இன்னும் கையில்தான் இருக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஷெங்கல்சாய் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவு என்ற ஒன்று இன்றுவரை தொடங்கப்படவில்லை.